பாஸ்டருக்குச் சமாதானம் இல்லை

சுகந்தியின் வீட்டில் கர்த்தரைக் கேட்காமல் ஒரு காரியமும் நடக்காது. ஓலையைப் பிரித்துவிட்டு ஷீட் போடலாமா என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியோடு சேர்ந்து கருவாட்டு வியாபாரம் பண்ணலாமா என்று கேட்டார்கள். சுகந்தி பன்னிரண்டாவது முடித்ததும் நர்சிங் படிக்கலாமா என்று கேட்டார்கள். கேட்பது அவள் அம்மா பிலோமி. கேட்கிற இடம் அக்காள்மடத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய தகரக் கூரை சபை. பதில் சொல்கிறவர் பாஸ்டர் தங்கத்துரை.

முன்னெல்லாம் அவர்கள் தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கப் பெரிய கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம்தான். சுகந்தியின் அப்பா, அவள் அய்யா, விசைப்படகில் மீன்பிடிக்கப் போய், படகு கவிழ்ந்து, மற்றவர்கள் கரை சேர்ந்து, அவர் மட்டும் வராமல் போன வருஷத்தில் எல்லாம் மாறியது. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத சாவுக்கு எப்போது அழ ஆரம்பிப்பது என்று தெரியாமல் அம்மா கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்களில் யார் யாரோ வந்தார்கள், போனார்கள். பாஸ்டர் தங்கத்துரைதான் மனைவியோடு தினமும் வந்து உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. மீன்துறை ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூடவே அலைந்தார். "இனி வரமாட்டார்ம்மா, அழுதிருங்க" என்று சொல்கிற தைரியமும் அவருக்குத்தான் இருந்தது. அம்மா அன்றைக்கு அழுதாள். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் அவள் மனுஷன் பேச்சாக எடுத்துக்கொண்டதே இல்லை.

சுகந்தியும் அப்படித்தான் வளர்ந்தாள். நர்சிங் படிக்கலாம் என்று கர்த்தர் சொன்னார், படித்தாள். ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டில் வேலை கிடைத்தது. அதற்கும் பாஸ்டர் ஜெபம் பண்ணி, போகலாம் என்றார். தன் வாழ்க்கையில் வந்த பதில் எல்லாம் 'ஆம்' என்றே வந்ததால், 'இல்லை' என்று ஒரு பதில் வரக்கூடும் என்பதை அவள் யோசித்ததில்லை.

சபையில் கீபோர்டு வாசித்தவன் ஜீவிதன். மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்தவன். அவன் அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். இந்தியாவில் பிறந்து, இந்தியாவில் படித்து, எந்த நாட்டுக்காரன் என்று யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்ல முடியாதவன். வார நாட்களில் பெயிண்டிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை நகக்கண்ணில் சுண்ணாம்பும் பெயிண்டும் ஒட்டியிருக்க வந்து கீபோர்டு முன்னால் உட்காருவான். முகாமில் செக்கிங் உள்ள நாளில் வரமுடியாது. அன்றைக்குச் சபையில் பாட்டு வெறும் கைத்தட்டலோடு போகும்.

அவள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அவன் மண்டபத்தில் ஏறுவான். முதலில் பாட்டைப் பற்றிப் பேசினார்கள். பிறகு வார்டைப் பற்றி, முகாமைப் பற்றி, இரண்டு பேருடைய அம்மாக்களைப் பற்றி. வீட்டில் தாய் தகப்பன் பேசுகிற பேச்சு அவன் வாயில் அப்படியே இருந்தது. ஒருநாள் உச்சிப்புளி தாண்டும்போது அவன் சொன்னான், "உம்மைக் கட்ட எனக்கு விருப்பம். வீட்டில கதைக்கட்டா?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நானே சொல்கிறேன் என்றாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா சத்தம் போடவில்லை. "கர்த்தரைக் கேப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு அக்காள்மடத்துக்குப் போனாள்.

பாஸ்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டு அன்பாகத்தான் பேசினார். தேவசித்தத்துக்கு மூன்று சாட்சி வேண்டும் என்றார். வேதவசனம் ஒத்துவர வேண்டும், பெரியவர்கள் ஆலோசனை ஒத்துவர வேண்டும், உள்ளத்தில் சமாதானம் இருக்க வேண்டும். மூன்றும் சேரும்வரை காத்திருங்கள், உபவாசித்து ஜெபியுங்கள் என்றார். சுகந்தி அதை வார்த்தைக்கு வார்த்தை செய்தாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடும் ஆண்டவரே, நான் தாங்கிக்கொள்கிறேன் என்று நிஜமாகவே கேட்டாள். கேட்கக் கேட்க மனசுக்குள் இருந்த ஆட்டம் நின்றது. ஒருநாள் விடியற்காலையில் முழங்காலிலிருந்து எழுந்தபோது, கச்சான் காற்று ஓய்ந்த மறுநாள் கடல் கிடக்குமே, அப்படிக் கிடந்தது உள்ளம். இதுதான் பதில் என்று அவளுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் பாஸ்டரிடம் சொன்னாள்.

அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "ஆசையும் சமாதானம் மாதிரி வேஷம் போட்டுட்டு வரும்மா. மனுஷ இருதயம் பெரிய ஏமாத்துக்காரன்" என்றார். பாஸ்டரம்மா ஒரு சொப்பனம் கண்டிருந்தாள். சுக்கான் இல்லாத வள்ளம் ஒன்று நடுக்கடலில் சுற்றிச் சுற்றி வருகிறது, அதில் சுகந்தி நிற்கிறாள். அம்மா வேதத்தில் வாசித்த பகுதியிலெல்லாம் அந்நியரோடு கலக்காதே என்றே வந்தது. கடைசியில் பாஸ்டர் சொன்னார்: "எனக்கு இதுல சமாதானம் இல்லம்மா."

முகாம்காரன் என்று ஒருவரும் சொல்லவில்லை. குடியுரிமை இல்லை, பிள்ளை பிறந்தால் எந்த ஊர்க் கணக்கில் சேரும், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. வந்திருந்தால் சுகந்தி சண்டை போட்டிருப்பாள். அம்மாவோடு சண்டை போடலாம், பாஸ்டரோடுகூட வாதாடலாம். அவர்கள் கர்த்தரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றுகொண்டார்கள். அவரோடு அவள் எப்படி மல்லுக்கட்டுவாள்?

மண்டபம் ஸ்டாப்பில் அவளை இறங்கச் சொல்லி ஜீவிதன் கேட்டான், "நீர் என்ன சொல்லுறீர்?"

"கர்த்தருக்குச் சித்தம் இல்லன்னா நான் என்ன செய்ய?"

"நான் கர்த்தரைக் கேக்கேல்ல. உம்மைத்தான் கேட்டனான்." அவன் குரல் உயரவில்லை. "எல்லாரோடயும் கதைக்கிறவர் என்னோட மட்டும் ஏன் கதைக்கேல்ல எண்டும் தெரியேல்ல."

அவள் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அதன்பிறகு சபையில் கீபோர்டு மூடியே கிடந்தது. அடுத்த வருஷம் அவன் குடும்பம் ஊர் திரும்பச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஆல்வின் என்கிற மாப்பிள்ளையைத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேறொரு பாஸ்டர் கொண்டு வந்தார். மஸ்கட்டில் வேலை, குடிப்பழக்கம் இல்லை, ஊழியத்தில் ஆர்வம். இந்தத் தடவை வசனம் உடனே வந்தது. பெரியவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். பாஸ்டரம்மா கண்ட சொப்பனத்தில் விளக்கு எரிந்தது. சுகந்திக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. காலிப் பானைக்குள் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. பாஸ்டரிடம் போய், எனக்குச் சமாதானம் வரவில்லையே என்றாள். "சமாதானங்கிறது உணர்ச்சி இல்லம்மா. கீழ்ப்படிஞ்சா பின்னால வரும்" என்றார். அவரே முன்பு சொன்னதற்கு இது நேர்மாறாக இருக்கிறதே என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்தபோது தாலி ஏறி வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆல்வின் கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, வைததில்லை. ஒரே வீட்டில் வாடகைக்கு வந்த இன்னொருவரைப்போல மரியாதையாக இருந்தான். லீவு முடிந்து கிளம்புவதற்குக் கொஞ்சநாள் முன்னால், மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னான். ஊரில் அவன் கட்டிக்கொள்ள விரும்பிய பெண் ஒருத்தி இருந்தாள். அவர்கள் பாஸ்டரும் ஜெபித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றாராம். சுகந்தி குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். எனக்கும் ஒருவன் இருந்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருந்தால், அல்லது சேர்ந்து அழுதிருந்தால், அந்த வீட்டில் ஒரு குடித்தனம் ஆரம்பித்திருக்கக்கூட வாய்ப்புண்டு. அவள் ரசம் ஊற்றினாள்.

மஸ்கட்டிலிருந்து போன் தினமும் வந்தது, பிறகு வாரத்துக்கு ஒன்றானது, பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தது, பிறகு நின்றது. அந்தப் பெண்ணும் அங்கேயே வேலைக்குப் போய், இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிறார்கள் என்று அவன் சொந்தக்காரி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. சித்தத்தை மீறினவன் நன்றாக இருந்தான். சித்தத்துக்குக் கீழ்ப்படிந்தவள் தங்கச்சிமடத்துக்கும் பழைய வேலைக்கும் திரும்பி வந்து அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

விவாகரத்து வாங்கலாமா என்று அவள் கேட்டபோது பாஸ்டர் பதறிப்போனார். பிரிக்கிற அதிகாரம் மனுஷருக்கு இல்லை, காத்திரு, கர்த்தர் அவனைத் திருப்பிக் கொண்டுவருவார் என்றார். காத்திருந்தாள். வருஷங்கள் பாம்பன் பாலத்தில் போவதும் வருவதுமாகக் கழிந்தன. ஒருநாள் பஸ்ஸில் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஜீவிதனின் படம் கண்ணில் பட்டது. மன்னாரில் ஏதோ ஒரு சபை. பக்கத்தில் மனைவி, மடியில் பெண்குழந்தை, முன்னால் கீபோர்டு. கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். அவன் கஷ்டப்படுகிறான் என்று தெரிந்திருந்தால்கூட, தப்பித்தேன் என்று மனசைத் தேற்றியிருப்பாள். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று.

இப்படி இருக்கையில்தான் பாஸ்டர் தங்கத்துரைக்குக் கால் வீங்கியது.

சர்க்கரை வியாதி பழையது. மாத்திரையைச் சில மாதம் போடுவார், விசுவாசம் பெருகும்போது நிறுத்திவிடுவார். முகமும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்ததும் சுகந்தி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்தார்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, உடனே டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பாஸ்டர் கையெழுத்துப் போடவில்லை. சபையில் உபவாசக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், மனுஷக் கை படாமல் சுகம் உண்டு என்று கர்த்தர் சொல்கிறதாகச் சொன்னார். இன்னொருவர், மருத்துவரும் கர்த்தர் தந்த கருவிதான் என்றார். இரண்டு பேருக்கும் ஒரே கர்த்தர்.

அடுத்த தடவை ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர், மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வார்டுக்குள் சுகந்தியைத் தேடி வந்தார். மத்தியான ஷிப்ட். ஏர்வாடிக்காரர் சதக் பாய் மெஷினில் கண்ணயர்ந்து கிடந்தார். கல்ஃப் நாட்டில் பல வருஷம் ஓட்டுநராக இருந்து, அங்கேயே சிறுநீரகத்தைத் தொலைத்துவிட்டு வந்த மனுஷர். "எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்தாம்மா, ஆனா ஊசிய நீ போடு, அந்தப் புதுப் புள்ள வேணாம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்.

பாஸ்டர் காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு சின்ன ஆளாக அவள் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

"சுகந்தி, நான் கேட்டுக் கேட்டுப் பாக்குறேன்மா. ஒரு சத்தமும் வரல. நீ இந்த வேலையிலேயே இருக்குறவ. உபவாசம் இருக்குற பிள்ள. உனக்குக் கர்த்தர் என்ன உணர்த்துறாரு?"

அவளுக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. இப்போது அவள் சொல்வதுதான் நடக்கும். விசுவாசத்தோடு காத்திருங்கள் பாஸ்டர் என்று சொன்னால் போதும். குரலைத் தாழ்த்தி, கண்ணை மூடி, 'எனக்குச் சமாதானம் இல்லை' என்று சொன்னால் போதும். அவர் வீட்டுக்குப் போவார், கொஞ்ச நாளில் மூச்சுத் திணறிப் போய்ச் சேருவார், சபை முழுக்க நின்று கர்த்தருடைய சித்தம் என்று பாடி அடக்கம் பண்ணும். ஒரு விரல்கூட அவள் பக்கம் நீளாது. இவ்வளவு லேசான வேலையா இது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. அதைவிட, அந்த எண்ணத்தைத் தள்ளிவிட இவ்வளவு நேரம் ஆகிறதே என்பது இன்னும் கூசியது.

"ஒண்ணு கேக்கணும் பாஸ்டர். ஜீவிதன் விஷயத்துல கர்த்தர் உங்ககிட்ட நெசமாவே பேசினாரா?"

அவர் நிமிர்ந்தார். "பேசினாரும்மா." யோசிக்கவே இல்லை.

"என் விஷயத்துல உடனே பேசினவரு, உங்க விஷயத்துல ஏன் பேசமாட்டேங்குறாரு?"

அவர் கட்டில் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், "சொந்த விஷயத்துல கேக்குறது கஷ்டம்மா. பயம் வந்து குறுக்க நின்னுக்கிருது. எது அவரு சத்தம், எது என் பயம்னு பிரிக்கத் தெரியல."

"எனக்கும் அது சொந்த விஷயந்தான் பாஸ்டர்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. வருத்தம் தெரிவிப்பார் என்று ஒரு கணம் அவள் எதிர்பார்த்தாள். அவர் தன் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோன நோயாளிக்கு அடுத்தவர் நோவு கண்ணில் படாது என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம்தான்.

"நாளைக்குக் காலையில வந்து அட்மிட் ஆகுங்க" என்றாள். "கழுத்துல ஒரு குழாய் வச்சு ஆரம்பிப்பாங்க. தள்ளிப்போட்டா உயிருக்கு ஆபத்து. இத கர்த்தர் சொல்லல. நான் ஜெபமும் பண்ணல. டாக்டர் சொல்றதத்தான் நானும் சொல்றேன். நல்லாக் கேட்டுக்கங்க, சுகந்தி சொல்றேன்."

அவர் தலையாட்டினார். மறுநாள் வந்தார். பிழைத்தார்.

உடம்பு தேறி முதல் ஞாயிறு சபைக்கு வந்த அன்று சாட்சி சொன்னார். கழுத்தில் கட்டோடு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரோடு சொன்னார். மரண இருளில் தான் தடுமாறியபோது கர்த்தர் தம்முடைய அடியாள் மூலமாகத் தெளிவாகப் பேசினார் என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னது சுகந்தி இல்ல. அவ வாயில வந்தது அவ வார்த்தையே இல்ல" என்றார். சபை எழுந்து கைதட்டியது. பெண்கள் பக்கத்தில் பிலோமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். சுகந்தி எழுந்து நின்று, இல்லை, நான்தான் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஆமென் என்ற சத்தம் கூரைத் தகரம் அதிர எழுந்து அவளை மூடிவிட்டது. அவள் சொந்தமாக எடுத்த ஒரே முடிவு அது. அதையும் பிடுங்கிக் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு பெண்கள் அவளைத் தேடிவர ஆரம்பித்தார்கள். வீடு கட்டலாமா, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, ஜெபித்துச் சொல்லு சிஸ்டர் என்றார்கள். பாம்பனிலிருந்து கோகிலா என்பவள் தன் மகளையே கூட்டி வந்தாள். கல்யாணப் பேச்சு. உனக்குப் பிடித்திருக்கிறதா என்று சுகந்தி அந்தப் பெண்ணிடம் கேட்டாள். பெண் வாயைத் திறக்குமுன் கோகிலா முந்திக்கொண்டாள்: "அவளுக்கு என்ன தெரியும் சிஸ்டர்? நீங்க கேட்டுச் சொல்லுங்க." அந்தப் பெண் சுகந்தியைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அந்தப் பயம் தன்னைப் பார்த்து என்பதைச் சுகந்தியால் தாங்க முடியவில்லை. தனக்கு ஒன்றும் தெரியாது, கர்த்தர் தன்னிடம் யாரைப் பற்றியும் பேசுவதில்லை என்று சொல்லி அவர்களை அனுப்பினாள். தாழ்மை, என்ன தாழ்மை என்று கோகிலா ஊரெல்லாம் சொன்னாள்.

அந்த வாரம் சுகந்தி ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தாள். போகுமுன் முழங்கால் போடவில்லை, வேதத்தைத் திறந்து வசனம் தேடவில்லை.

பாஸ்டருக்கு இப்போது கையில் ஆபரேஷன் பண்ணி, அந்த வழியாகவே ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் மற்றவர்கள் யாரையும் தொட விட மாட்டார், சுகந்தி வரவேண்டும். இரண்டாவது ஊசியை ஏற்றி பிளாஸ்திரி ஒட்டும்போது, விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் பாஸ்டர் என்று சொன்னாள்.

அவர் கண்ணைத் திறந்தார். அதே அன்பான குரல். "அவசரப்படாதம்மா. நான் ஜெபம் பண்ணிட்டு உனக்குச் சொல்றேன்."

குழாயில் ரத்தம் ஏறி ஓட ஆரம்பித்திருந்தது. அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டே, "தகவலுக்குத்தான் சொன்னேன்" என்றாள்.

அம்மா அன்றிலிருந்து அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. கர்த்தர் கையை விட்டுவிடுவார், அய்யாவைக் கடல் கொண்டுபோன மாதிரி உன்னையும் இது கொண்டுபோகும் என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். சபையில் ஞாயிறு பள்ளி வகுப்பை வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள். ஜெபம் கேட்டு வந்த பெண்கள் வழியில் பார்த்தால் குடையைச் சாய்த்துக்கொண்டார்கள். அவளுக்குள் பேசியவர் இப்போது விலகிவிட்டார் என்று கோகிலா சொன்னாளாம். அங்கே மஸ்கட்டில் ஆல்வின் மறுப்பே சொல்லவில்லை. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். நல்லா இரு என்று ஒரு மெசேஜும் அனுப்பினான். அவளும் அதையே திருப்பி அனுப்பினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மனசாரச் சொன்னது அது ஒன்றுதான்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டுக்கு எதிரே நின்று ஒரு டீ குடித்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. பயமாவது வரும் என்று பார்த்தாள்; அதுவும் இல்லை. முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சமாதானம் விடியற்காலையில் வந்தபோது வயது இருபத்துநான்கு. அன்று அது யாருடைய சத்தம் என்று இப்போதும் அவளுக்குத் தெரியாது. கர்த்தருடையதாக இருந்தால், அவர் பேசியும் அவள் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளுடைய ஆசையாக இருந்தால், அந்த ஆசை அவ்வளவு சுத்தமாக இருந்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் அவளுக்குத்தான். டீ ஆறிப்போயிருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஆட்டோ பிடித்தாள்.

வார்டில் சதக் பாய் ஏற்கெனவே கையை நீட்டிப் படுத்திருந்தார். அடுத்த கட்டிலில் பாஸ்டர். என்னம்மா ஆச்சு என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றாள். அவர் பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் மெல்ல அசைய ஆரம்பித்தன. தனக்காகவா, அவளுக்காகவா என்று அவள் கேட்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, அவர் கை நரம்பைத் தடவிப் பார்த்தாள்.

"ஆடாம இருங்க பாஸ்டர்" என்றாள்.